ஊருக்குச் சொன்ன வியாதி

ஜவஹருக்கு அல்சர் என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர் ஜவஹரின் அண்ணன் பாலகணேஷ். ரங்கநாதன் தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை அவர் பேரில் இருந்தது. மேற்கு மாம்பலத்து வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் அல்சர் என்றார். மறுநாள் காலையிலிருந்து ஜவஹருக்கு அல்சர்.

நடந்தது வேறு. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம், பட்டுச்சேலைப் பிரிவில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த ஜவஹர், வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிப்போய் ரத்தமாக வாந்தி எடுத்தார். கடையின் பழைய விற்பனையாள் கரீமுல்லா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே டாக்டர் ராமானுஜம் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், பார்த்த கையோடு வைத்தியமும் செய்தார். பிறகு ஜவஹரின் மனைவி தங்கபுஷ்பத்தை எதிரே உட்காரவைத்து விளக்கினார்.

"ஈரல் சுருங்கிப் போயிருக்கும்மா. அது வழியாப் போக வேண்டிய ரத்தம் போக முடியாம, சாப்பாட்டுக் குழாய் அடியில இருக்கற ரத்தக்குழாய்ல போய் முட்டறது. அதெல்லாம் புடைச்சுண்டு நிக்கறது. அதுல ஒண்ணு வெடிச்சதுதான் இந்த ரத்தம். வெடிச்சதைப் பிடிச்சு ரப்பர் வளையம் மாட்டியிருக்கேன். இன்னும் நாலஞ்சு இருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை வரணும். எல்லாத்தையும் கட்டி முடிக்கற வரைக்கும் வந்தே ஆகணும்."

"அவிய குடிக்கவே மாட்டாவளே டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான்.

"குடிச்சார்னு நான் சொல்லலையே. ஹெபடைடிஸ் 'பி'ன்னு ஒரு கிருமி. எத்தனையோ வருஷமா ரத்தத்துல இருந்திருக்கு. நீங்க, உங்க பொண்ணு, அவரோட கூடப் பொறந்தவா எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும். இல்லாதவாளுக்குத் தடுப்பூசி போட்டுடலாம்."

இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? எட்டாவது வரை படித்த தங்கபுஷ்பத்துக்கே புரிந்தது. பி.காம். படித்த பாலகணேஷுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது வேறு.

"ஈரல்னு வெளிய சொன்னா எவன் கிருமியைப் பத்திக் கேக்கப்போறான்? குடிச்சுக் கெடுத்துட்டான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான். ரெண்டு வருசமா தேடி இப்பதான் தீபிகாவுக்கு ஒரு இடம் அமைஞ்சிருக்கு. பையன் இன்ஜினியர். தாய்மாமா டாக்டர், நம்ம உஸ்மான் ரோட்டுக்குப் பின்னாலயே நர்சிங் ஹோம் வச்சிருக்காரு. ஆவணி பொறந்ததும் தட்டு மாத்த வாராவ. அதுவரைக்கும் யாரு கேட்டாலும் அல்சர். ரத்த டெஸ்டு கிஸ்டுன்னு குடும்பத்தோட வரிசையில போய் நின்னு நாடகம் காட்ட வேண்டாம்."

ஜவஹர் அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். நின்றபடியே தலையாட்டினார். தங்கபுஷ்பமும் தலையாட்டினாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வரும். மகள் தீபிகாவுக்கு நல்ல இடம் என்ற ஒரே ஒரு தூண்டிலில் அவளும் மாட்டினாள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அவள் கையாலேயே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தாள். எதிர்வீட்டுக்காரி கேட்டபோது, காரம் சேரவில்லை, அல்சர் என்று தானும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் பட்டினப்பாக்கத்துக்காரன். அவன் பெண்டாட்டி மீனாட்சி, மீன் விற்பவள், வந்த அன்றைக்கே பேச்சுக் கொடுத்தாள்.

"எம்புருசன் குட்ச்சிக் குட்ச்சியே ஈரலை நாசம் பண்ணிக்கினான்மா. இது மூணாந்தபா. கயித்தக் கட்டாத கொறயா இட்டாந்துகீறேன். ஒரு தபா உட்டா ஆளு காலின்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. உன் வூட்டுக்காரருக்கும் அதானா?"

"இல்ல, அல்சர்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். குடிகாரனின் பெண்டாட்டியோடு தன்னையும் ஒன்றாக வைத்து எவராவது பார்த்துவிடுவார்களோ என்று இருந்தது. மீனாட்சி அதைக் கவனித்தாள். புருஷனுக்குக் கஞ்சி ஆற்றத் தொடங்கினாள்.

அடுத்த தடவைக்குக் குறித்துக் கொடுத்த தேதி ஆடி இரண்டு, புதன்கிழமை. முதல் நாள்தான் கடையில் ஆடித் தள்ளுபடி தொடங்கியிருந்தது.

தி. நகரில் ஆடி மாதம் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நாம் நடக்க வேண்டாம், கூட்டமே கடை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். பட்டுப் பிரிவுக்கு ஜவஹர் வேண்டும். மயிலாப்பூர் மாமிகள் மூன்று மாடி ஏறி வந்து, "ஜவஹர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

"ஒரு நாள்தான் அத்தான். காலையில போயிட்டு வந்து, ரெண்டு நாள் கஞ்சி குடிச்சுக் கெடந்தா போதும்" என்று தங்கபுஷ்பம் பாலகணேஷிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஆடியில எவனாவது வைத்தியம் ஆரம்பிப்பானா? மாசம் நல்லா இல்லைம்மா. ஆவணியில பாத்துக்கிடலாம்" என்றார் பாலகணேஷ்.

மாசம் நல்லா இல்லையாம்! அதே மாசத்தில் வாசலில் வாழை மரம் கட்டி, பெருமாள் படத்துக்கு மாலை போட்டு விற்பனை தொடங்கலாம். ஒருவன் தொண்டைக்குள் ரப்பர் வளையம் போடத்தான் பஞ்சாங்கம் குறுக்கே நிற்கிறது. தங்கபுஷ்பத்துக்கு வாய்வரை வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். "இப்ப நல்லாத்தான இருக்கேன், விடு" என்றார் அவர். விட்டாள்.

ஆடி கடைசி ஞாயிறு, மத்தியானம் மூன்றரை மணிக்குக் கரீமுல்லா போன் செய்தார்.

"அண்ணி, பதறாம கேளுங்க. அண்ணாச்சி கல்லா பக்கத்துல மயங்கி வுழுந்துட்டாரு. வாயில ரத்தம். டாக்டர் தனுஷ்கோடி நர்சிங் ஹோம்ல இட்டாந்து போட்டுகீறோம். அடையாறு போலாம்னு நான் சொன்னேன் அண்ணி, பெரியவரு கேக்கல. நீங்க ஒடனே வாங்க."

டாக்டர் தனுஷ்கோடி என்பவர்தான் மாப்பிள்ளையின் தாய்மாமா.

ஆட்டோ, ரயில் பாதைக்கு அடியில் போகும் துரைசாமி சப்வேயில் திணறி, அந்தப் பக்கம் ஏறி, ஜனக்கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதற்குள் அரைமணி ஆகிவிட்டது. நர்சிங் ஹோம் படியிலேயே பாலகணேஷ் மறித்துக்கொண்டார். சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தம்பியைத் தூக்கியவர்கள் கடைப் பையன்கள்.

"அழாத. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. மாப்பிள்ளையோட அம்மாவும் சேதி கேட்டு வந்திருக்காவ. உள்ள போய் ஈரல் அது இதுன்னு வாயைத் தொறந்திராத. அல்சர்னு சொல்லியாச்சு."

"டாக்டர்கிட்டயுமா?"

"அவரு டாக்டர் மட்டுமா? சம்பந்தி வீடுல்லா!"

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜவஹர் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தார். மூக்கு வழியே ஒரு குழாய். டாக்டர் தனுஷ்கோடி அதில் ஐஸ் தண்ணீரை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததெல்லாம் சிவப்பாகவே வந்தது. கட்டிலுக்குக் கீழே எனாமல் தட்டு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. சுவரோரமாக மாப்பிள்ளையின் தாயார், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

டாக்டர் தனுஷ்கோடியைக் குறை சொல்ல முடியாது. மனிதர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அல்சருக்கு உண்டான ஊசி போட்டாயிற்று, இரண்டு பாட்டில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருக்கு எங்கோ உறுத்தியது.

"சாதாரண அல்சர்னா இந்நேரம் கொஞ்சமாவது கொறைஞ்சிருக்கணுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், ஜவஹரின் வயிற்றை, மண்ணீரல் இருக்கும் இடப்பக்கத்தில் அமுக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். "என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

"வைட்டமின்தான்" என்றார் பின்னாலேயே வந்து நின்ற பாலகணேஷ்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. ஈரல்ல ஏதாவது கோளாறு உண்டா இவருக்கு? எப்பவாவது காமாலை வந்திருக்கா?"

"சேச்சே! என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க குடும்பத்துல எவனும் அந்தக் கருமத்தைத் தொட்டதே கிடையாது."

டாக்டர் கேட்டது ஈரலை. இவர் பதில் சொன்னது பாட்டிலுக்கு. டாக்டர் திருப்தியில்லாமல் ஜவஹரின் முகத்துக்கு நேரே குனிந்தார். "நீங்க சொல்லுங்க. ஈரல் கோளாறு உண்டா?"

ஜவஹர் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். சுவரோரம் நின்ற அம்மாளைப் பார்த்தார். மூக்கில் குழாயும் வாயோரத்தில் ரத்தமுமாக, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலில்தான் தங்கபுஷ்பத்துக்குப் பித்தம் தலைக்கேறியது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தலையாட்டல் அது. கடையில் பங்கு எழுதித் தராதபோது ஆட்டினார். மாடியில் கூரை ஒழுகும் அறையைக் காட்டியபோது ஆட்டினார். இப்போது செத்துப்போ என்கிறார்கள், அதற்கும் ஆட்டுகிறார்.

"பொய்!" என்று கத்தினாள். அந்தக் குரல் வாசல் வரை போயிருக்கும். "எல்லாம் பொய் டாக்டர்! அல்சரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஈரல் சுருங்கிப் போச்சு. சாப்பாட்டுக் குழாயில ரத்தக்குழாய் வெடிச்சு ஆனியில ஒரு தடவை இதே மாதிரி ரத்தம் கக்கினாவ. அடையாறுல ராமானுஜம் டாக்டர் ரப்பர் வளையம் போட்டாரு. ஆடி ரெண்டாந்தேதி ரெண்டாவது தடவை போயிருக்கணும். சேலை விக்க நிக்க வச்சிட்டாரு இவரு. அந்த மாத்திரை வைட்டமின் இல்ல, டப்பாதான் வைட்டமின். நான்தான் மாத்தி வச்சேன்."

"ஏ தங்கம், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று பாலகணேஷ் அவள் பக்கம் அடியெடுத்து வைத்தார்.

"கிட்ட வராதிய அத்தான். வந்தா மரியாதை கெட்டுப்போகும்" என்றாள்.

பாலகணேஷ் நின்றுவிட்டார். அவளிடமிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

டாக்டர் தனுஷ்கோடி ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. "இதுக்கு வேண்டிய கருவி எதுவும் எங்கிட்ட இல்ல. விடிய விடிய வச்சிருந்தா இங்கயே போயிருப்பாரு" என்றவர், போனை எடுத்து அடையாறுக்குப் பேசினார். தன் அம்பாசடர் காரின் பின்சீட்டில் ஜவஹரைப் படுக்கவைத்து, சலைன் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கரீமுல்லா முன்னால் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "ஒத்து, ஒத்து, பேசன்ட்டுபா" என்று வழி கேட்டுக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையின் தாயார் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எப்போது போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

கோட்டூர்புரம் பாலத்து நெரிசலில் கார் நின்றது. அப்போதுதான் டாக்டர் தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஒரு மணி நேரம்மா. ஒரு மணி நேரம் வேற ஒரு வியாதிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தேன். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட எதையாவது மறைக்கிறது உண்டு, எனக்குத் தெரியாததில்ல. அதுக்காக டாக்டர்கிட்ட மறைப்பீங்களா? நான் கேட்டேனே, வாயைத் தொறந்து கேட்டேனே!"

தங்கபுஷ்பத்துக்கு அவர் திட்டத் திட்ட நன்றாக இருந்தது. இன்னும் திட்டட்டும் என்று புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் சில்லிட்டுக் கிடந்தது.

அடையாறில் தயாராக இருந்தார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு ஒன்றரை மணி நேரம் கதவு திறக்கவில்லை. கரீமுல்லாவும் பின்னாலேயே பஸ் பிடித்து வந்த இரண்டு விற்பனைப் பையன்களும் ரத்தம் கொடுத்தார்கள். பாலகணேஷ் தன் காரில் வந்து சேர்ந்து, வராந்தாவின் மறுகோடியில் நின்றார்.

டாக்டர் ராமானுஜம் வெளியே வந்தபோது அவருடைய ஏப்ரன் முழுவதும் ரத்தம். "உள்ளே ஒண்ணுமே தெரியலை, அத்தனை ரத்தக்கட்டி. அலம்பி அலம்பிப் பார்த்து, வெடிச்ச இடத்தைப் பிடிச்சுட்டேன். அஞ்சு வளையம் போட்டிருக்கு. நின்னுடுத்து. ரெண்டு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்." பிறகு குரல் மாறியது. "ஏம்மா வரலை? நர்ஸை விட்டு ரெண்டு தடவை போன் பண்ணச் சொன்னேனே. ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னாளாமே உங்காத்துல."

போன் கீழ் வீட்டில், பாலகணேஷின் கூடத்தில் இருந்தது. தங்கபுஷ்பம் வராந்தாவின் மறுகோடியைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த சொட்டு மருந்து விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அங்கே போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, "ரத்த டெஸ்டுன்னு சொன்னீங்களே டாக்டர், இப்பவே எடுங்க. எம்மக வந்துக்கிட்டு இருக்கா. அவளுக்கும் எடுங்க" என்றாள்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவளிடம் பாலகணேஷ் தணிந்த குரலில் சொன்னார்: "நீ ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா நானே அந்த டாக்டரைத் தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லியிருப்பேன். இப்ப ஒரு பொண்ணோட வாழ்க்கையே போச்சு."

"அவளுக்கு அப்பா இருக்காவ. மிச்சத்தை அவ பாத்துக்கிடுவா" என்றாள் தங்கபுஷ்பம். பஞ்சை எறிந்துவிட்டு, மகளை எதிர்பார்த்து வாசல் பக்கம் நடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜவஹர் தெளிவாகக் கண் விழித்தார். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். தொண்டை புண்ணாகி, குரல் கரகரவென்று வந்தது. ஸ்பூனில் ஆறிய பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு ஸ்பூன் குடித்தவர் கையால் தடுத்தார்.

"தனுஷ்கோடி டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"அந்த அம்மா இருந்தாவளே."

"இருந்தாவ. அவிய முன்னாலதான் சொன்னேன்."

"அங்கேருந்து ஏதாவது சேதி..."

"ஒண்ணும் இல்ல."

ஜவஹர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு ராத்திரி கண்ணைக் கொட்டாமல் இவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிழைத்து எழுந்த மனிதன், எப்படிப் பிழைத்தேன் என்று கேட்கவில்லை. யார் ரத்தம் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. பாலை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது அவர் மறுபடி பேசினார்.

"நான் குடிச்சதில்லன்னு சொன்னியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஈரலைச் சொன்னாள், வளையத்தைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், டப்பாவைக்கூடச் சொன்னாள். அதைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் மொட்டை மாடியில் பாட்டில் திறந்தால், சாப்பிடாமல் கொள்ளாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிற மனிதர். ஒரு வார்த்தை போதும். அது அவள் நாக்கில் வரவேயில்லை.

"சொல்லல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா தங்கம்" என்றார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. "இனிமே எல்லாரும் என்ன நெனைப்பாவ?"

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் இந்தக் கட்டில்வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பூனை டம்ளருக்குள் போட்டாள்.

"அதைத்தான் உங்க அண்ணன் சொல்லிக்கிட்டு நின்னாரு. டாக்டர் ஈரலைக் கேக்காரு, இவரு குடியைச் சொல்லுதாரு. நீங்களும் வாயில ரத்தத்தை வச்சுக்கிட்டு அதுக்குத் தலையாட்டுதிய. நானும் நின்னு அதையே பாடிக்கிட்டு இருந்திருந்தா இப்ப உங்களுக்குப் பால் ஊத்துற வேலை வேற மாதிரி இருந்திருக்கும். நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான் யாருகிட்டயும் போய் எம்புருசன் குடிக்கமாட்டாருன்னு சொல்லப்போறதில்ல. நீங்க தெனம் ஒரு பாட்டில் குடிச்சிருந்தாலும் உங்களை இங்கதான் தூக்கிட்டு வந்திருப்பேன்."

ஜவஹர் புறங்கையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த தடவை எந்தத் தேதி என்று கேட்டார்.